ஸீட்டில் ஒருவர், படியில் ஒருவர்!

ஒரே பஸ். ஒரே சாலை. ஒரே நிர்வாகத்தில் சம்பளம். ஒருவர் டிரைவர், மற்றவர் கண்டக்டர். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, ஒரே மாதிரிக் குடித்தனம். ஆனால் மாரடைப்பு மட்டும் இருவரையும் சமமாகப் பாவிக்கவில்லை. கண்டக்டரைவிட டிரைவரையே அது அதிகமாகத் தேடிச் சென்றது!

ஏன் இப்படி?

லண்டன் நகரத்தில் இந்தக் கேள்விக்கு விடை கண்டவர் ஜெரி மாரிஸ் என்ற டாக்டர். இரண்டாவது உலக யுத்தம் முடிந்த காலம் அது. பிரிட்டனில் நடுத்தர வயது ஆண்கள் மாரடைப்பால் சாவது பெருகிக்கொண்டே வந்தது. நேற்றுவரை நன்றாக இருந்தவர் இன்று இல்லை என்ற செய்தி வீட்டுக்கு வீடு கேட்டது. காரணம் என்ன என்பது யாருக்கும் சரிவரப் புலப்படவில்லை.

மாரிஸ் லண்டன் போக்குவரத்து ஊழியர்களின் கணக்கை எடுத்துப் பார்த்தார். 35 வயது முதல் 64 வயது வரை உள்ள சுமார் 31,000 ஆண்கள். யாருக்கு இருதய நோய் வந்தது, யார் இறந்தார், என்ன வேலை பார்த்தார் என்று வரிசையாகக் குறித்தார். லண்டனில் அந்நாளில் ஓடியவை மாடி பஸ்கள். டிரைவர் தம் வேலை நேரத்தில் பெரும்பகுதியும் ஸீட்டைவிட்டு எழுந்திருப்பதில்லை. கண்டக்டரோ டிக்கெட் கொடுக்க மேலும் கீழுமாக ஏறி இறங்கியபடி இருந்தார். ஒரு நாளைக்கு அவர் ஏறிய படிகள் 500 முதல் 750 வரை!

1953-ல் 'லான்செட்' என்ற மருத்துவப் பத்திரிகையில் முடிவு வெளியாயிற்று. கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. வந்தாலும் பெரும்பாலும் அது கடுமை குறைந்ததாகவே இருந்தது. வந்தவுடன் உயிரைக் கொண்டுபோவதும் குறைவாக இருந்தது.

கால்சட்டை சொன்ன சாட்சி

சந்தேகம் எழுப்பியவர்கள் உண்டு. "லண்டன் நெரிசலில் பஸ் ஓட்டுகிறவருக்குக் கவலை அதிகம். அந்தக் கவலைதான் இருதயத்தைத் தாக்குகிறது" என்றார்கள் சிலர். "பருத்த உடம்புக்காரர்கள்தான் உட்காரும் வேலையைத் தேடிப் போகிறார்கள். வேலையின்மீது பழி போடலாமா?" என்றார்கள் வேறு சிலர்.

நியாயமான கேள்விகள்தாம். மாரிஸ் இதற்கும் ஒரு வழி கண்டார். ஊழியர்களுக்குச் சீருடை தைத்துக் கொடுக்கும் இலாகாவில் ஒவ்வொருவருடைய இடுப்பளவும் பதிவாகியிருந்தது. அந்த ஏடுகளைப் புரட்டினார். எந்த வயதில் பார்த்தாலும் டிரைவர்களின் கால்சட்டை கண்டக்டர்களுடையதைவிடப் பெரிதாகவே இருந்தது! சந்தேகத்தில் ஓரளவு உண்மை உண்டு என்றுதான் அது காட்டியது. ஆனால் இடுப்பு ஒத்தவர்களைத் தனியே பிரித்துப் பார்த்தபோதும், படியேறியவர்களே தப்பிப் பிழைத்தார்கள்.

தபால் இலாகாவிலும் இதே கதைதான். நடந்தும் சைக்கிளிலும் சென்று கடிதம் கொடுத்த தபால்காரர்கள், நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்த குமாஸ்தாக்களையும் டெலிபோன் ஊழியர்களையும்விட இருதய நோய்க்குக் குறைவாகவே இரையானார்கள்.

கண்டக்டர் எவரும் உடற்பயிற்சி என்று நினைத்துப் படியேறவில்லை. சம்பளத்துக்காக ஏறினார். உடம்புக்கு அந்த வித்தியாசம் தெரியாது. ஏறினாயா, இல்லையா என்பது ஒன்றே அதற்குக் கணக்கு.

இரண்டு வியாதி, ஒரே வேர்

மாரடைப்பு வேறு, சர்க்கரை வியாதி வேறு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் இரண்டும் ஒரே வீட்டில் குடியிருப்பவை.

நாம் சாப்பிடும் சோறும் இட்லியும் கரைந்து சர்க்கரையாகி ரத்தத்தில் கலக்கின்றன. அந்தச் சர்க்கரையை வாங்கிச் செலவிடும் பெரிய களஞ்சியம் நம் தசைகள். களஞ்சியத்தின் கதவைத் திறக்கும் சாவி, கணையம் சுரக்கும் இன்சுலின். உட்கார்ந்தே காலம் தள்ளும் உடம்பில், வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரச் சேர, பூட்டு துருவேறிவிடுகிறது. சாவி எளிதில் சுற்றுவதில்லை. கணையம் மேலும் மேலும் சாவிகளை அனுப்பிப் பார்க்கிறது. வருஷக் கணக்கில் இப்படிப் பாடுபட்டு ஒரு நாள் களைத்துவிடுகிறது. சர்க்கரை ரத்தத்திலேயே தேங்கிவிடுகிறது. இதுதான் பெரும்பாலோருக்கு வரும் சர்க்கரை வியாதி.

தேங்கிய சர்க்கரை சும்மா இருப்பதில்லை. ரத்தக் குழாய்களின் உட்சுவரை அரிக்கிறது. ரத்த அழுத்தமும் புகையிலையும் அதே சுவரைத்தான் தாக்குகின்றன. அரித்த சுவரில் கொழுப்பு படிகிறது. அந்தப் படிவு ஒரு நாள் கிழிந்து, ரத்தம் அங்கே உறைந்து, இருதயத்துக்குச் செல்லும் வழியை அடைத்துவிட்டால் மாரடைப்பு!

நடக்கும்போது என்ன ஆகிறது? வேலை செய்யும் தசை, இன்சுலினை அதிகம் எதிர்பாராமலே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்கிறது. தொடர்ந்து நடந்துவந்தால் துருவும் தேய்கிறது. படியேறியவர்களின் ரகசியத்தில் இது ஒரு பகுதி.

வாசலில் நின்ற 577 பேர்

சரி, நோய் வாசலுக்கு வந்துவிட்ட பிறகு அதைத் திருப்பி அனுப்ப முடியுமா?

சீனாவின் வடகோடியில் டாச்சிங் என்று ஒரு நகரம். பெட்ரோலிய எண்ணெய்க் கிணறுகளுக்குப் பேர்போனது. 1986-ல் அங்கே 33 வைத்திய நிலையங்களில் 1,10,660 பேருக்குச் சர்க்கரைப் பரிசோதனை நடத்தினார்கள். நோயாளியும் அல்லர், பூரண ஆரோக்கியசாலியும் அல்லர் என்று சொல்லத்தக்க 577 பேரைப் பொறுக்கி எடுத்தார்கள். ஒரு பகுதியினரை வழக்கம்போல் இருக்கவிட்டு, மற்றவர்களுக்கு ஆகாரக் கட்டுப்பாடு, தேகப்பயிற்சி, அல்லது இரண்டும் சொல்லிக் கொடுத்தார்கள்.

ஆறு வருஷம் கழிந்தது. வழக்கம்போல் இருந்தவர்களில் 100-க்கு 68 பேர் சர்க்கரை வியாதிக்காரர் ஆகிவிட்டார்கள். பழக்கத்தை மாற்றியவர்களிலோ 100-க்கு 41 முதல் 46 பேர் வரைதான்.

அதோடு விடவில்லை. 30 வருஷம் வரை அவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். பழக்கத்தை மாற்றியவர்களுக்கு வியாதி வருவது ஏறக்குறைய நான்கு வருஷம் தள்ளிப்போயிருந்தது. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை கால் பங்கு குறைந்திருந்தன.

நான்கு வருஷம்தானா என்று கேட்பவர்கள் தங்கள் வீட்டை நினைத்துப் பார்க்கட்டும். பையன் காலேஜ் படிப்பை முடிக்க எத்தனை வருஷம்? பெண்ணுக்குக் கல்யாணம் பேசி முடிக்க எத்தனை வருஷம்? சம்பாதிக்கிறவர் படுக்காமல் நடமாடும் நான்கு வருஷம், குடும்பத்துக்கு எத்தனையோ ஆயிரம் ரூபாய்க்குச் சமானம்.

நம் சென்னையில்...

"சீனாவுக்குச் சரி, நம் உடம்புக்கு ஒத்துவருமா?" என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்குச் சென்னையிலேயே விடை கிடைத்தது. டாக்டர் அ. ராமச்சந்திரனும் அவருடைய சகாக்களும் நோயின் வாசலில் நின்ற 531 பேரை வைத்து மூன்று வருஷம் ஆராய்ந்து, 2006-ல் முடிவை வெளியிட்டார்கள்.

சொன்ன யோசனை எளிது. உட்கார்ந்து வேலை செய்பவர்கள் தினம் அரைமணி வேகமாக நடக்க வேண்டும். ஏற்கனவே நடப்பவர்களும் உடல் உழைப்பு உள்ளவர்களும் அதை விடாமல் இருக்க வேண்டும். சர்க்கரையைத் தவிர்த்து, தீட்டிய தானியத்தையும் எண்ணெயையும் குறைத்து, நார்ச்சத்து உள்ள பண்டங்களைக் கூட்ட வேண்டும். அவ்வளவே.

யோசனை பெறாதவர்களில் 100-க்கு 55 பேருக்கு வியாதி வந்தது. யோசனையைப் பெற்றவர்களில் 39 பேருக்கு. மாத்திரை மட்டும் கொடுக்கப்பட்டவர்களில் 40 பேருக்கு. நடையும் வாய்க்கட்டும் மாத்திரைக்குச் சமமாக நின்றன! அதிலும் ஒரு விசேஷம்: உடல் எடை பெரிதாகக் குறையாமலே இந்தப் பலன் கிட்டியது. "தராசில் முள் இறங்கவில்லையே" என்று மனம் தளர்பவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது.

2023-ல் வெளியான அகில இந்தியக் கணக்கின்படி, நம் நாட்டில் சர்க்கரை வியாதி உள்ளவர்கள் 10 கோடிப் பேருக்கு மேல். வாசலில் நிற்பவர்கள் 13 கோடியே 60 லட்சம்! அவர்களில் எத்தனையோ பேருக்குத் தாங்கள் வாசலில் நிற்பதே தெரியாது. ஏனெனில் அந்தக் கட்டத்தில் வலி இல்லை, தாகம் இல்லை, எந்த உபாதையும் இல்லை.

வேலை குறைந்தது, சோறு குறையவில்லை

நம் வீடுகளிலும் ஒரு காலத்தில் மாடிப்படிகள் இருந்தன. அவற்றுக்கு அம்மி, ஆட்டுக்கல், உலக்கை, கிணற்றுக் கயிறு என்று பெயர். மிக்ஸியும் கிரைண்டரும் குழாயும் வந்தன. பெண்களின் முதுகொடியும் சிரமம் தீர்ந்தது. அந்தச் சிரமம் திரும்ப வர வேண்டும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் உலக்கை பிடித்தவருக்கு வைத்த அளவு சோறே இன்று ஸ்விட்சைத் தட்டுபவரின் இலையிலும் விழுகிறது. ஆண்களுக்கோ வாசலிலேயே ஸ்கூட்டர் நிற்கிறது. ஆபீஸில் லிப்ட் காத்திருக்கிறது.

வேலை தானாகக் கொடுத்துவந்த உழைப்பை இனி மனிதன் தானாகத் தேடித்தான் பெற வேண்டும். வாரத்துக்கு 150 நிமிஷம் சுறுசுறுப்பான நடை. இலையில் ஒரு கரண்டி சோறு குறைத்து, அந்த இடத்தில் கீரை, காய், சுண்டல். உப்பு ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டிக்குள். பீடி, சிகரெட், புகையிலைக்கு முழுக்கு. சிகரெட்டை விட்ட ஒரே வருஷத்தில் அதனால் கூடியிருந்த இருதய நோய் அபாயம் பாதியாகக் குறைகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

இதெல்லாம் செய்தால் நோயே வராது என்று நினைத்துவிடக் கூடாது. சென்னையில் யோசனையைப் பெற்ற பிறகும் 100-க்கு 39 பேருக்கு வந்ததே! தாய் தந்தை வழியாக வரும் பங்கும் உண்டு. ஆகவே நோய் வந்தவரைப் பார்த்து "வாயைக் கட்டவில்லை, அதனால்தான்" என்று குற்றம் சாட்டுவது சரியல்ல. மாத்திரை சாப்பிடுகிறவர்கள், நடக்கிறோமே என்று டாக்டரைக் கேட்காமல் அதை நிறுத்துவது அதைவிடப் பெரிய தவறு. நெடுநாள் சர்க்கரை வியாதிக்காரர்களுக்குச் சில சமயம் மார்வலியே இல்லாமல் மாரடைப்பு வருவதுண்டு. காரணமில்லாத மூச்சுத் திணறல், வியர்வை, திடீர்ச் சோர்வு இவை கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

முதல் காரியம், ரத்தத்தைப் பரிசோதித்துக்கொள்வது. குளுகோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் அளவு 140-க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. 200-ஐ எட்டிவிட்டால் வைத்தியம் தேவை. 140-க்கும் 199-க்கும் இடையே இருந்தால் அதுதான் வாசல். பயப்பட வேண்டிய எண் அல்ல அது. டாச்சிங்கிலும் சென்னையிலும் பலர் அங்கிருந்துதான் திரும்பி நடந்தார்கள்.