எரிவாயு வண்டி: மிச்சமாகும் பணம் எஞ்சினுக்கே போகலாமா?

பஞ்சபூதத் தலங்களுள் காளஹஸ்தி வாயுத் தலம். ஸ்வர்ணமுகி ஆற்றங்கரையிலுள்ள அவ்வூருக்குத் திருப்பதியிலிருந்து பக்தர்களை ஏற்றிவரும் வாடகைக் கார்களும், ஊருக்குள் ஓடும் ஆட்டோக்களும் பல குடும்பங்களுக்குச் சோறிடுகின்றன. இத்தகைய வண்டிகளுள் வங்கிக் கடனில் வாங்கியவையும் உண்டு. பெட்ரோல் வண்டியை எல்.பி.ஜி.க்கு மாற்ற எண்ணும் வாடிக்கையாளர்களுக்கு நாங்கள் சொல்ல விரும்புவது ஒன்றே: வண்டி பட்டறையில் நின்றாலும் கடன் தவணை நிற்பதில்லை, ஆகவே எஞ்சினைக் காப்பதும் சேமிப்பே.

எரிவாயுவால் எஞ்சினுக்கு நன்மை உண்டு. அது சிலிண்டர் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைப் பெட்ரோலைப் போல் கழுவுவதில்லை. கரியும் குறைவாகவே படியும். தேய்மானம் நேர்வது வால்வில். ஈயம் கலந்த பெட்ரோல் புழங்கிய காலத்தில், அந்த ஈயம் வால்வு அமரும் இருக்கையில் படிந்து காத்தது. இந்தியாவில் 2000-ஆம் ஆண்டு அத்தகைய பெட்ரோல் முற்றிலும் நிறுத்தப்பட்டது. எரிவாயுவோ உலர்ந்தது, துளியாகச் சென்று ஆவியாகி வால்வைக் குளிர்விப்பதுமில்லை. எனவே, கடினப்படுத்தப்படாத இருக்கை சிறிது சிறிதாகத் தேய்ந்து, வால்வு உள்ளே அமிழ்கிறது.

அப்போது டேப்பட் இடைவெளி குறைவதால் எஞ்சின் சத்தம் தணியும். அதை நலம் என்று எண்ணி ஏமாறக் கூடாது. இடைவெளி முற்றிலும் மறைந்தால் வால்வு சரியாக மூடாது, இழுவை குன்றும், இறுதியில் வால்வே கருகிவிடும்.

இதைத் தவிர்க்க, மாற்றுவதற்கு முன்பே வால்வு இருக்கை எரிவாயுவைத் தாங்குமா என்று மெக்கானிக்கிடம் கேட்டறிக. காலையில் பெட்ரோலில் கிளப்பி, எஞ்சின் சூடான பின் எரிவாயுவுக்கு மாறுக. டேப்பட் இடைவெளியைத் தவறாமல் சோதிக்கச் செய்க. வாயு குறைந்து காற்று மிகுந்த கலவை வெப்பத்தைக் கூட்டும்; அதைச் சரிபார்க்கச் செய்க. எண்ணெய் தெளிவாகத் தெரிந்தாலும் உரிய காலத்தில் மாற்றுக.

வீட்டு உபயோக சிலிண்டரை வண்டியில் பயன்படுத்துவது சட்டவிரோதம், உயிருக்கும் ஆபத்து. அங்கீகாரம் பெற்ற சாதனத்தையே பொருத்தி, பதிவுச் சான்றில் எரிபொருள் மாற்றத்தைப் பதிவு செய்க. கடன் அளித்த வங்கிக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவிக்கத் தவறாதீர்.

எரிபொருளில் மிச்சமாவதில் ஒரு பகுதியை மாதந்தோறும் தொடர் வைப்பில் சேர்த்து வந்தால், வால்வு வேலை வரும் நாளில் வட்டிக்குக் கடன் தேடி அலைய நேராது.