பீர் ஆலை வளாகத் தட்டு கோல்ஃப் களங்கள்

தட்டு கோல்ஃப் (டிஸ்க் கோல்ஃப்) என்பது கையால் எறியும் நெகிழித் தட்டுகளைக் கொண்டு, கோல்ஃப் ஆட்டத்தின் முறையை ஒட்டி ஆடப்படும் விளையாட்டாகும். இதில் பந்துக்குப் பதில் தட்டும், குழிக்குப் பதில் சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடையும் பயன்படுகின்றன. எறிமேடையில் தொடங்கி, மிகக் குறைந்த எறிகளில் தட்டைக் கூடையில் சேர்ப்பவரே வெற்றியாளர். பெரும்பாலும் பூங்காக்களிலும் காட்டுப் பகுதிகளிலும் அமையும் இக்களங்கள், அமெரிக்காவில் சில பீர் ஆலைகளின் வளாகங்களிலும் அமைந்துள்ளன. நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுன் அருகிலுள்ள ஒம்மேகாங் பீர் ஆலை இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஆலைக் களங்கள் பொதுவாகச் சிறியவை. கட்டடங்கள், வண்டிப்பாதைகள், அமர்ந்திருக்கும் விருந்தினர்கள் ஆகியவற்றுக்கு இடையில் ஆட வேண்டியிருப்பதால், பூங்காக் களங்களில் இல்லாத சிக்கல்கள் இங்கு எழுகின்றன.

வரலாறு

வட்டமான பொருளை இலக்கு நோக்கி எறிந்து எறிகளை எண்ணும் ஆட்டம் பழையது. 1926-இல் கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் பிளாட்வொர்த் என்னும் ஊரில் பள்ளிச் சிறுவர்கள் தகர மூடிகளைக் கொண்டு இவ்வாறு ஆடினர். 1957-இல் வாம்-ஓ நிறுவனம் பறக்கும் தட்டை விற்பனைக்குக் கொண்டுவந்த பின், பல ஊர்களில் இளைஞர்கள் மரங்களையும் விளக்குக் கம்பங்களையும் குப்பைத் தொட்டிகளையும் இலக்காக வைத்து ஆடத் தொடங்கினர். நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் 1974-இல் நடந்த போட்டியில் முதல் பரிசாக ஒரு மகிழுந்து வழங்கப்பட்டது.

வாம்-ஓ நிறுவனத்தில் பணியாற்றிய எட் ஹெட்ரிக் இவ்விளையாட்டுக்கு நிலையான வடிவம் கொடுத்தார். 1975-இல் கலிபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் அவர் அமைத்த களமே முதல் நிரந்தரக் களமாகக் கருதப்படுகிறது. அங்கு முதலில் கம்பங்களே இலக்காக இருந்தன. தட்டு கம்பத்தில் பட்டதா இல்லையா என்ற வாக்குவாதம் அடிக்கடி எழுந்ததால், தட்டைப் பிடித்து நிறுத்தும் சங்கிலிக் கூடையை அவர் உருவாக்கினார். 1976-இல் தொழில்முறைத் தட்டு கோல்ஃப் சங்கத்தையும் தொடங்கினார். 2002-இல் அவர் மறைந்தபோது, அவரது விருப்பப்படி அவரது சாம்பல் சில தட்டுகளில் கலந்து வார்க்கப்பட்டது.

பீர் ஆலையில் களம் ஏன்?

இதற்கு முதற்காரணம் நிலம். கூப்பர்ஸ்டவுன் அமைந்துள்ள ஒட்சிகோ மாவட்டம் 19-ஆம் நூற்றாண்டில் ஹாப் பயிருக்குப் பெயர்பெற்றது. பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப் பூக்களை அப்போது அமெரிக்காவில் அதிகம் விளைவித்த மாநிலம் நியூயார்க். பயிர் நோய்களும், பசிபிக் கடற்கரை மாநிலங்களின் போட்டியும், 1920 முதல் 1933 வரை நீடித்த மதுவிலக்கும் அந்தச் சாகுபடியை அழித்தன. 1997-இல் தொடங்கப்பட்ட ஒம்மேகாங் ஆலை, அவ்வாறு கைவிடப்பட்ட ஹாப் பண்ணை நிலம் ஒன்றில்தான் எழுந்தது. ஆலைக் கட்டடம் நிலத்தின் சிறு பகுதியையே எடுத்துக்கொள்ள, எஞ்சியது புல்வெளியாகவும் மரத்தோப்பாகவும் இருக்கிறது.

இரண்டாவது காரணம் செலவு. கோல்ஃப் களத்துக்கு நிலத்தைச் சமன்செய்து, புல் வளர்த்து, நாள்தோறும் நீர் பாய்ச்ச வேண்டும். தட்டு கோல்ஃபுக்குக் கூடைகளும் எறிமேடைகளும் பாதைப் பலகைகளும் இருந்தால் போதும். மேடு பள்ளமும் மரமும் இங்கே குறையாகக் கருதப்படுவதில்லை. ஆட்டத்துக்குச் சுவை கூட்டுவதே அவைதான். தொலைவிலிருந்து வரும் விருந்தினர் கூடுதலாக ஒரு மணி நேரம் தங்கினால் உணவகத்துக்கும் வருவாய் உண்டு.

களத்தின் அமைப்பும் தட்டின் போக்கும்

முழுக் களத்தில் 18 கூடைகள் இருக்கும். ஆலைக் களங்களில் 9 அல்லது அதற்கும் குறைவாக இருப்பது வழக்கம். ஆட்டத்தட்டு பொதுவாக 21 செ.மீ. விட்டமும் 150 முதல் 175 கிராம் எடையும் கொண்டது. விளையாட்டு பறக்கும் தட்டைவிட இதன் விளிம்பு கூர்மையாக இருப்பதால், காற்றைக் கிழித்து வேகமாகச் செல்லும்.

வலக்கைக்காரர் கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுவந்து எறிந்தால், தட்டு மேலிருந்து பார்க்கையில் வலஞ்சுழியாகச் சுழலும். வேகம் குறையும்போது காற்றின் தூக்குவிசை தட்டின் முன்பகுதியில் அதிகமாகி, முன்விளிம்பை மேலே தள்ளப் பார்க்கும். பம்பரத்தைப் போலச் சுழலும் பொருள் தள்ளிய திசையில் சாயாது, அதற்குச் செங்குத்தான திசையில் சாயும். அதனால் தட்டு இடப்பக்கம் சாய்ந்து இடதுபுறமாக இறங்கும். அதே ஆள் கையைப் பக்கவாட்டில் வீசி எறிந்தால் சுழற்சி எதிர்த்திசையில் அமைந்து, தட்டு வலதுபுறம் முடியும். இடக்கைக்காரருக்கு இவை இரண்டும் நேர்மாறாகும்.

களம் அமைப்பவர்கள் இந்த இயல்பைக் கணக்கில் கொள்கிறார்கள். எடுத்துக்காட்டாக, 75 மீட்டர் தொலைவில் ஒரு கூடை இருப்பதாகக் கொள்வோம். நேர்வழியில் தானியச் சேமிப்புக் கலன் நிற்கிறது. இடப்பக்கம் சரக்கு வண்டிப்பாதை. அது எல்லைக்கு வெளியே. கலனின் வலப்பக்கம் உணவு மேசைகள். வலக்கைக்காரரின் வழக்கமான எறி கலனை வலப்புறம் சுற்றி, மேசைகளுக்கு மேலாக வந்து இடப்பக்கம் இறங்கும். இதைத் தடுக்க, தட்டு கலனுக்கு இடப்பக்கமாகத்தான் செல்ல வேண்டும் என்ற கட்டாய வழியை அமைப்பாளர் குறிக்கிறார். இப்போது அவர் பக்கவாட்டு எறியைத் தேர்ந்து, வண்டிப்பாதையை ஒட்டி அனுப்பி, கலனைத் தாண்டியபின் வலப்பக்கம் திரும்பச் செய்ய வேண்டும். புதியவருக்கு விந்தையாகத் தோன்றும் இந்த வளைவுக்குப் பின்னால், மேசையில் இருப்பவர்களின் பாதுகாப்பு இருக்கிறது.

முக்கிய விதிகள்

- ஒவ்வோர் எறியும் ஒரு புள்ளி. முந்தைய எறி நின்ற இடத்திலிருந்தே அடுத்ததை எறிய வேண்டும்.
- கூடையிலிருந்து 10 மீட்டருக்குள் எறியும்போது, எறிந்தபின் நிலைதடுமாறாமல் நின்ற பிறகே முன்னே அடியெடுத்து வைக்கலாம்.
- தட்டு எல்லைக்கு வெளியே நின்றால் தண்டமாக ஒரு எறி கூடும். முதல் எறி வண்டிப்பாதையில் விழுந்தால், அடுத்து எறிவது மூன்றாவதாகக் கணக்கிடப்படும்.
- கட்டாய வழியைத் தவறவிட்டாலும் ஒரு எறி தண்டம்.
- கூடை எட்டும் தொலைவில் யாரேனும் இருந்தால் அவர்கள் விலகும்வரை எறியக் கூடாது. தட்டு ஆட்களை நோக்கிப் போனால் ‘ஃபோர்’ என்று உரக்கக் கூவ வேண்டும்.

மதுவும் பாதுகாப்பும்

தொழில்முறைச் சங்கம் அங்கீகரித்த போட்டிகளில், சுற்றின்போது ஆட்டக்காரர் மது அருந்துவது விதிமீறல். ஆலை வளாகத்தில் போட்டி நடந்தாலும் இவ்விதி பொருந்தும். பொழுதுபோக்கு ஆட்டத்துக்கு அவ்விதி இல்லை; கட்டுப்பாடு ஆட்டக்காரரின் கையில்தான் இருக்கிறது.

பழகிய ஒருவரின் எறி மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டும். கூர்விளிம்புத் தட்டு முகத்தில் பட்டால் பல்லும் எலும்பும் உடையக்கூடும். தட்டை விடும் நொடியும் கோணமும் சற்றே பிசகினாலும் அது பல மீட்டர் விலகிச் செல்லும். மது முதலில் குலைப்பது அந்த நிதானத்தைத்தான். புல்வெளியில் குழந்தைகள் ஓடியாடும் வளாகத்தில் இதை இலேசாக எடுத்துக்கொள்ள முடியாது. கிராமப்புற ஆலைகளுக்குப் பெரும்பாலும் பேருந்து வசதியும் இராது. நியூயார்க் மாநிலத்தில் இரத்தத்தில் 0.08 விழுக்காடு மதுவுடன் வண்டி ஓட்டுவது குற்றம். எனவே முதலில் ஆட்டம், பிறகு உணவும் பானமும் என்ற வரிசையும், குடிக்காத ஒருவர் வண்டி ஓட்டும் ஏற்பாடும் நல்லவை.

களப் பராமரிப்பு

தட்டுகள் மீண்டும் மீண்டும் மோதுவதால் இளமரங்களின் பட்டை உரிந்துவிடும். கூடையைச் சுற்றி மிதிபட்ட மண் மழையில் அரித்துப் போகும். மரத்தூள் பரப்புதல், அடிமரத்துக்குக் காப்பு கட்டுதல், கூடைகளை அவ்வப்போது இடம் மாற்றுதல் ஆகியவை வழக்கமான தீர்வுகள். ஆலை வளாகம் தனியார் நிலம் என்பதால், விருந்தினருக்கும் நிலத்துக்கும் தொல்லை மிகுந்தால் உரிமையாளர் கூடைகளைப் பிடுங்கிவிட முடியும். களம் நிலைப்பது ஆட வருபவர்களின் நடத்தையைப் பொறுத்தது.