தாங்கி எமது, எண்ணெய் யாருக்கு?

அவசர காலத்துக்கெனச் சேமித்த எண்ணெயைப் போட்டி நாட்டுக்கு விற்கலாமா என்ற கேள்வி அமெரிக்காவில் பெரும் சர்ச்சையானது. 2022இல் விலையேற்றத்தைத் தணிக்க அந்நாடு தனது கையிருப்பை ஏலத்தில் விற்றபோது, சீன அரச நிறுவனமான சினோபெக்கின் வர்த்தகக் கிளையும் அதில் ஒரு பகுதியை வாங்கியது. சினமுற்ற பிரதிநிதிகள் சபை, 2023 ஜனவரி 12ஆம் திகதி, சீனாவுக்கான விற்பனையைத் தடுக்கும் சட்டமூலத்தை 331க்கு 97 என்ற வாக்குகளால் நிறைவேற்றியது.

அதே சினோபெக் அவ்வாண்டிலேயே எமது நாட்டில் எரிபொருள் விற்க வந்தது. நாமோ அதை வரவேற்கும் நிலையிலேயே இருந்தோம். தடுப்பதற்கு எம்மிடம் சேமிப்பு எங்கே இருந்தது? 2022இல் மருதானையிலும் கொட்டாஞ்சேனையிலும் வெறும் மண்ணெண்ணெய்க் கலன்களுடன் நின்ற மக்கள் இதை நன்கறிவர். அவ்வாண்டு ஜூன் இறுதியில், அத்தியாவசிய சேவைகள் தவிர்ந்த ஏனையோருக்கான எரிபொருள் விநியோகத்தையே அரசு நிறுத்தியது.

ஆயினும் சேமிப்பதற்கான இடம் எம்மிடம் தாராளமாக உண்டு. திருகோணமலையில் பிரித்தானியர் அமைத்த தாங்கிகளில் 99ஐப் பற்றியே இத்தனை பேரமும். 1987 ஜூலையில் ஜே.ஆர். ஜயவர்தனவும் ராஜீவ் காந்தியும் பரிமாறிக்கொண்ட கடிதங்கள், இந்தியாவின் நலனுக்குப் பாதகமாக எந்த நாடும் துறைமுகத்தை இராணுவ நோக்கில் பயன்படுத்தலாகாது என்றன. தாங்கிகளை இரு நாடுகளும் கூட்டாக இயக்கும் என்றன. 2022 ஜனவரி உடன்படிக்கையில் லங்கா ஐ.ஓ.சி.க்கு 14, பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, கூட்டு நிறுவனத்துக்கு 61 எனப் பங்கிடப்பட்டன. 2025 ஏப்ரலில் ஐக்கிய அரபு எமிரேட்ஸும் மூன்றாம் பங்காளியாக இணைந்தது.

யார் உள்ளே வரலாகாது என்பதில் காட்டப்பட்ட அக்கறை, நெருக்கடி வேளையில் அங்குள்ள எண்ணெய் முதலில் யாருக்கு என்பதில் காட்டப்பட்டதாகத் தெரியவில்லை.

தாங்கிகளை நிரப்ப எம்மிடம் டொலர் இல்லை என்பது உண்மையே. ஆனால் பிறர் எண்ணெயை வைத்தே பாதுகாப்புத் தேடிக்கொள்ளும் வழியை இந்தியா காட்டியிருக்கிறது. மங்களூர் நிலத்தடிக் குகைகளில் அபுதாபியின் அரச எண்ணெய் நிறுவனம் தனது மசகு எண்ணெயைச் சேமிக்க 2018இல் இடமளித்தபோது, அவசர வேளையில் அதில் முதல் உரிமை தனக்கே என்ற நிபந்தனையையும் இந்தியா பெற்றுக்கொண்டது. இன்று திருகோணமலையில் எமது பங்காளிகளும் அதே இரு நாடுகளே! தாம் பெற்றதை எமக்கு மறுக்க டில்லிக்கு நியாயம் இருக்கமுடியாது.

எனவே, ஏற்றுமதிக்கெனச் சேமிக்கப்படும் எண்ணெயிலும் நெருக்கடி வேளையில் சந்தை விலைக்கு வாங்கும் முதல் உரிமையைக் கொழும்பு கேட்கவேண்டும். துருப்பிடித்த தாங்கிகளுக்கான இறுதி ஒப்பந்தங்கள் எழுதப்படும்போதே கேட்கவேண்டும். எண்ணெய் வந்திறங்கிய பின்னர் கேட்பதற்கு எம்மிடம் பேரம்பேசும் பலம் இராது.