மேலாளர் என்பவர் யார்?

மேனேஜர் என்றாலே நாற்காலியில் உட்கார்ந்து அதட்டுகிறவர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நம்ம தொப்பூர் கணவாயில் லாரி இறங்குவதைப் பாருங்கள். நல்ல டிரைவர் பாதி இறக்கத்தில் போய் பிரேக்கைத் தேடுவதில்லை. மேலேயே கியரைக் குறைத்துவிடுவார். அந்த முன்யோசனைதான் மேலாளரின் முதல் வேலை.

அவருக்கு மூன்று திறமைகள் வேண்டும் என்று 1955-ல் ராபர்ட் காட்ஸ் எழுதினார்: தொழில் திறன், மனிதர்களோடு பழகும் திறன், முழுமையாகப் பார்க்கும் திறன். மூன்றும் மதுரை டாக்டர் ஜி. வெங்கடசாமியிடம் இருந்தன. 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் வளைந்தும் தாமே ஆபரேஷன் செய்தார். கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார். ஒரு ஆபரேஷன் முடியும் முன்பே பக்கத்து மேஜையில் அடுத்த நோயாளி தயார். கட்டணம் கொடுப்பவர் பணத்தில் ஏழைக்கும் இலவச சிகிச்சை நடந்தது.

நாளை நாமும் சூப்பர்வைசர் ஆவோம். அப்பா வயசுக்காரர்கள் நமக்குக் கீழே வேலை செய்வார்கள். அதட்டப் போகிறோமா, "அண்ணே, இதை எப்படிச் செய்யலாம்?" என்று கேட்கப் போகிறோமா? என் அப்பாவை அதட்டிய மேஸ்திரிகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த நாற்காலி எனக்கு வந்தால் நான் கேட்பேன்.