இங்கிலீஷ் டீச்சராக வெளிநாடு போகலாமா?

இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய எந்தத் தெருவில் நுழைந்தாலும், மஸ்கட்டிலோ தோஹாவிலோ புருஷன் வேலை பார்க்கும் வீடு ஒன்றாவது கண்ணில் படும். பாஸ்போர்ட்டுக்கு அலைய வேண்டியதில்லை, சேவா கேந்திரம் தாம்பரத்திலேயே இருக்கிறது. மீனம்பாக்கமும் கூப்பிடு தூரம். ‘அவரோடு போய் நாலு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காராமல், இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துச் சம்பாதித்தால் என்ன?’ என்று படித்த பெண்களுக்குத் தோன்றுவது நியாயம்தானே?

எங்கள் தெருப் பெண் ஒருத்தி அன்றைக்குக் கேட்டாள்: “அக்கா, 120 மணி நேரக் கோர்ஸாம். வீட்டிலேருந்தே முடிச்சுடலாமாம். சர்டிபிகேட் வந்துட்டா உலகத்துல எங்க வேணும்னாலும் வேலை கிடைக்குமாம். வளையலை வெச்சுக் கட்டிடலாமான்னு பாக்கறேன்.” எம்.ஏ. இங்கிலீஷ் படித்தவள், இடுப்பில் மூன்று வயதுக் குழந்தை. “வளையல் கையிலேயே இருக்கட்டும், கொஞ்சம் விசாரிப்போம்” என்றேன்.

விசாரிக்க வேண்டிய முதல் விஷயம், அந்த 120 மணி நேரத்தில் நிஜமான மாணவர்கள் முன்னால் நின்று நீங்கள் எத்தனை மணி நேரம் பாடம் நடத்துவீர்கள் என்பதுதான். ‘டெஃபில்’, ‘டெசால்’ என்பவை பொதுப் பெயர்கள், யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். ஊறுகாய் பாட்டிலில் ‘வீட்டுத் தயாரிப்பு’ என்று ஒட்டுவது போலத்தான். வேலை கொடுப்பவர்கள் தேடிப் பார்ப்பது பெரும்பாலும் இரண்டு பெயர்களை. ஒன்று கேம்பிரிட்ஜ் வழங்கும் ‘செல்டா’. மற்றது லண்டன் ட்ரினிடி காலேஜ் வழங்கும் ‘சர்ட்-டெசால்’. இரண்டிலும் ஆறு மணி நேரம் நிஜ மாணவர்களுக்கு வகுப்பு எடுத்தாக வேண்டும். பயிற்றுநர் ஒருவர் பின்னால் உட்கார்ந்து குறிப்பெடுப்பார். முடிந்ததும் எது சரி, எது சரியில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வார். வெளியிலிருந்தும் ஒரு மதிப்பீட்டாளர் வந்து பார்ப்பார். தபாலில் நீச்சல் கற்றவளை யாராவது குளத்துக்குக் காவல் வைப்பார்களா, சொல்லுங்கள்!

இந்தப் படிப்பின் வேர் 1962-ல் இருக்கிறது. ஜான் ஹேக்ராஃப்டும் அவர் மனைவி பிரிட்டாவும் 1953-ல் ஸ்பெயினின் கோர்டோபா நகரில் ஒரு சிறிய மொழிப்பள்ளி தொடங்கினார்கள். பிறகு லண்டனில் ‘இன்டர்நேஷனல் ஹவுஸ்’ நடத்தியபோது, ஆசிரியர்களுக்கென்று சுருக்கமான ஒரு பயிற்சியை ஆரம்பித்தார்கள். அதுதான் வளர்ந்து செல்டா ஆயிற்று. நம் பக்கமும் சளைத்ததல்ல. ஏறக்குறைய அதே காலத்தில் சென்னை ராஜ்யத்தில், ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்குப் புதுமுறைப் பயிற்சி கொடுக்கும் பெருமுயற்சி ஒன்று நடந்தது. முதலில் சிலரைப் பழக்கி, அவர்கள் மற்றவர்களைப் பழக்கும் ஏற்பாடு. பனியுருண்டை உருள உருளப் பெருப்பதுபோல என்பதால் ‘மெட்ராஸ் ஸ்னோபால்’ என்றே அதற்குப் பெயர்!

செல்டாவை முழுநேரமாகப் படித்தால் நாலைந்து வாரம். பகலெல்லாம் வகுப்பு, ராத்திரி மறுநாள் பாடத்துக்குத் திட்டம் எழுதுவது, நடுவே நான்கு எழுத்து வேலைகள். கடைசிப் பரீட்சை என்று ஒன்றும் கிடையாது. தினமும் பரீட்சைதான்! அந்த நாட்களில் சமையல், பால், குழந்தையின் காய்ச்சல் எதையும் நீங்கள் பார்க்க முடியாது. அம்மாவோ மாமியாரோ மனம் ஒப்பி முன்வந்தால் ஒழிய இதில் இறங்காதீர்கள். பகுதிநேரமாகச் சில மாதங்கள் நீட்டிப் படிக்கலாம். இணையவழியிலும் செல்டா உண்டு. அதிலும் நிஜ மாணவர்களுக்கு வகுப்பு எடுத்தே தீரவேண்டும் என்பதால் அதை மட்டமாக நினைக்க வேண்டாம். கைக்குழந்தைக்காரிக்கு, பாங்காக் போய்த் தங்கிப் படிப்பதைவிட இதுதான் புத்திசாலித்தனம் என்பேன். கட்டணமே லட்சத்துக்கு மேல் போகிறது. வெளிநாடு என்றால் டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு வேறு.

ட்ரினிடி படிப்பில் எனக்கு ரொம்பப் பிடித்த அம்சம் ஒன்று. முன்பின் தெரியாத ஒரு மொழியில் உங்களுக்கே சில பாடங்கள் நடத்துவார்கள். ஒன்றும் புரியாமல் விழிக்கும் மாணவனின் அவஸ்தை ஆசிரியைக்குத் தெரியவேண்டுமாம். தமிழ்ப் பெண்களுக்கு அது ஏற்கெனவே தெரியும். நம் மொழியில் ‘எ’, ‘தி’ கிடையாது. ‘ப’ என்ற ஓர் எழுத்தே இரண்டு ஒலிக்கு நிற்கிறது. எங்கே நாக்கு பிரளும் என்று பட்டுத் தெரிந்தவள் பிறருக்குச் சொல்லிக்கொடுக்கும்போது அது ஒரு பலம்.

ஆனால் எல்லாத் தேசமும் அப்படி நினைப்பதில்லை. தென் கொரியா, ஆங்கில ஆசிரியர் விசாவை அமெரிக்கா, பிரிட்டன் முதலான ஏழு நாட்டுக்காரர்களுக்கே பெரும்பாலும் கொடுக்கிறது. ஆகவே முதலில் நாட்டைத் தீர்மானியுங்கள், பிறகு கோர்ஸ். கணவர் ஸ்பான்சர் செய்யும் குடும்ப விசாவில் வேலை பார்க்க அனுமதி உண்டா, தனியாக பர்மிட் வாங்க வேண்டுமா என்பதையும் அவரையே விசாரிக்கச் சொல்லுங்கள்.

இன்னொரு குழப்பம் பி.எட். பற்றியது. செல்டா பெரியவர்களுக்கு மொழி கற்பிக்கும் முறையை மையமாகக் கொண்டது. மொழிப் பயிற்சி நிலையங்களில் அதற்கு மதிப்பு அதிகம். வளைகுடாவின் இந்தியப் பள்ளிக்கூடங்களிலோ பட்டத்தோடு பி.எட். இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள். நம் ஊர் அரசுப் பள்ளிக்கும் செல்டா பி.எட்.டுக்கு ஈடாகாது. பள்ளி ஆசிரியைதான் உங்கள் ஆசை என்றால் அந்தப் பணத்தை பி.எட்.டில் போடுங்கள். இங்கேயே படித்துப் பழக நினைப்பவர்களுக்கு, 1958-ல் மத்திய ஆங்கில நிலையமாகத் தொடங்கிய ஹைதராபாத் இஃப்லு பல்கலைக்கழகமும் இருக்கிறது.

விளம்பரத்தில் ‘கேம்பிரிட்ஜ்’ என்று போட்டிருந்தால் நம்பிவிட வேண்டாம். கேம்பிரிட்ஜும் ட்ரினிடியும் தங்கள் அங்கீகாரம் பெற்ற மையங்களின் பட்டியலைத் தங்கள் இணையதளத்திலேயே வைத்திருக்கின்றன. அதில் பெயர் இல்லையென்றால் பேச்சே இல்லை. செல்டாவுக்கு இடம் கொடுக்கும் முன் ஒரு எழுத்துப் பயிற்சியும் நேர்முகமும் உண்டு. “இன்னிக்கே பணம் கட்டுங்க, சீட் ரெடி” என்று அவசரப்படுத்துபவரிடம் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

பெயர் விஷயம் அற்பமாகத் தோன்றும், ஆனால் மாட்டிவிடும். டிகிரியில் அப்பாவின் இனிஷியல், பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் என்று இருக்கும் நமக்கு. கோர்ஸில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பதியுங்கள். டிகிரி சான்றிதழை மாநில அரசிடம் சரிபார்த்து, வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை வாங்கவும் நாள் பிடிக்கும். சில நாடுகளுக்கு அவர்கள் தூதரகத்தின் முத்திரையும் வேண்டும்.

பணம் கட்டும் முன் ஒரு சோதனை செய்து பாருங்களேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நாலைந்து பேரை மாலையில் உட்காரவைத்து, தமிழில் ஒரு வார்த்தைகூடப் பேசாமல், அரை மணி நேரம் கடைத்தெருவில் பேசும் இங்கிலீஷைச் சொல்லிக்கொடுங்கள். அந்த அரை மணியில் நீங்கள் எவ்வளவு பேசினீர்கள், பிள்ளைகள் எவ்வளவு பேசினார்கள் என்று யாரையாவது குறிக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் பேசியது அதிகமாக இருந்தால், மையத்துக்கு விண்ணப்பம் கேட்டு இன்றைக்கே எழுதலாம்.