உங்கள் மெயில் சர்வருக்குப் பெயர் இருக்கிறதா?

பொறியியல் கல்லூரி ஒன்று சொந்தமாக மெயில் சர்வர் நடத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். இன்டர்நெட் லைனை வேறு நிறுவனத்துக்கு மாற்றுகிறார்கள். புது ஐ.பி. முகவரி கிடைக்கிறது. டொமைன் பேனலில் பழைய எண்ணை எடுத்துவிட்டுப் புது எண்ணைப் போடுகிறார்கள். வெளியிலிருந்து வரும் மெயில் ஒழுங்காக வருகிறது. துறைக்குத் துறை அனுப்புவதும் போய்ச் சேர்கிறது. ஆனால் மாணவர்களின் ஜிமெயிலுக்கு அனுப்பினால் பவுன்ஸ் ஆகிறது. வேறு சில இடங்களுக்குப் போகிறது, சில இடங்களுக்குப் போவதில்லை. பாஸ்வேர்டை மாற்றுகிறார்கள், ஆன்டிவைரஸை நிறுத்துகிறார்கள், சர்வரை அணைத்து மறுபடி போடுகிறார்கள். எதற்கும் பலன் இல்லை.

திரும்பி வந்த மெயிலை யாரும் கடைசிவரை படிப்பதில்லை. அதன் அடியில் 550 5.7.25 என்ற எண்கள் இருக்கும். பக்கத்திலேயே அனுப்பிய சர்வரின் ஐ.பி. முகவரியும், அந்த முகவரிக்கு பி.டி.ஆர். பதிவு இல்லை அல்லது அது பொருந்தவில்லை என்ற குறிப்பும் இருக்கும். 2014-ல் வந்த ஓர் இணையத் தர ஆவணம் இந்தக் கோளாறுக்கென்றே 5.7.25 என்ற எண்ணை ஒதுக்கியது. நோய் என்ன என்பதை அந்த ஒரு வரி சொல்லிவிடுகிறது.

பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தருவது டி.என்.எஸ். 1983-ல் பால் மொக்காபெட்ரிஸ் வடிவமைத்த ஏற்பாடு இது. பிரவுசரில் ஓர் இணையதளத்தின் பெயரை அடித்ததும் அது எந்த ஐ.பி. முகவரியில் இருக்கிறது என்று தேடிக் கொடுப்பது அதன் வேலை. இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு வழி உண்டு: எண்ணைக் கொடுத்தால் பெயரைச் சொல்வது. இதுதான் ரிவர்ஸ் டி.என்.எஸ். அந்தப் பெயர் எழுதப்பட்டிருக்கும் இடம் பி.டி.ஆர். பதிவு.

டி.என்.எஸ். பெயர்களில் வலப்பக்கம் போகப் போக வட்டம் பெரிதாகும். கடைசியில் நிற்கும் 'காம்' எல்லாவற்றையும்விடப் பெரியது. ஐ.பி. முகவரியில் பெரிய வட்டம் இடப்பக்கம் இருக்கிறது. இரண்டும் ஒத்துப்போக, எண்ணைத் திருப்பி எழுதுகிறார்கள். உதாரணங்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட 203.0.113.25 என்ற முகவரியை எடுத்துக்கொண்டால், ரிவர்ஸ் தேடலில் அது 25.113.0.203.இன்-அட்ர்.ஆர்பா என்று ஆகிவிடும். புதிய ஐ.பி. பதிப்பு 6-இல் 32 இலக்கங்களையும் ஒவ்வொன்றாகத் திருப்பி, நடுவே புள்ளி வைத்து எழுத வேண்டும். கையால் எழுதினால் ஒரு இலக்கமாவது பிசகும்; கருவியிடம் விட்டுவிடுவதே நல்லது.

மெயிலை வாங்கும் சர்வருக்கு இந்தப் பெயர் எதற்கு? மெயில் அனுப்பும் முறையான எஸ்.எம்.டி.பி.யை ஜான் போஸ்டல் 1982-ல் எழுதியபோது, இணையத்தில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் நம்பினார்கள். 'அனுப்புநர்' என்ற இடத்தில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம். அந்த முறையில் அதைச் சரிபார்க்க வழி இல்லை. ஆனால் ஐ.பி. முகவரியில் பொய் சொல்வது கடினம். இணைப்பு ஏற்படும்போது இரு சர்வர்களும் ஒன்றுக்கொன்று பதில் அனுப்ப வேண்டும். பொய்யான எண்ணைக் கொடுத்தால் பதில் வேறெங்கோ போய்விடும், இணைப்பே உருவாகாது. ஆகவே மெயிலில் ஒரு எழுத்துக்கூட வந்து சேர்வதற்கு முன்பே, வாங்கும் சர்வர் நம்பக்கூடிய தகவல் அந்த எண் ஒன்றுதான்.

ஸ்பேம் அனுப்புவோர் வைரஸ் மூலம் வீட்டுக் கம்ப்யூட்டர்களைப் பிடித்து, அவற்றின் வழியாகக் குப்பை மெயிலைக் கொட்ட ஆரம்பித்தபோது இந்தச் சோதனை முக்கியமாகிவிட்டது. வீட்டு இணைப்புகளின் ஐ.பி.க்குப் பெரும்பாலும் பெயரே இருக்காது; இருந்தாலும் ஐ.பி. எண்ணையே கோத்து 'டைனமிக்' என்ற சொல்லையும் சேர்த்த பெயராக இருக்கும். பொறுப்போடு நடத்தப்படும் மெயில் சர்வருக்கு ஒழுங்கான பெயர் இருக்கும். பெயரில்லாததை வாசலிலேயே நிறுத்திவிட்டால் குப்பையில் கணிசமான பங்கு குறைகிறது.

பெயர் இருந்தால் மட்டும் போதாது. ஐ.பி. தொகுதி கையில் உள்ளவர் பி.டி.ஆர். பதிவில் ஒரு வங்கியின் பெயரைக்கூட எழுதிக்கொள்ளலாம். அதனால் வாங்கும் சர்வர் இரண்டு முறை தேடுகிறது. முதலில் எண்ணிலிருந்து பெயர். பிறகு அந்தப் பெயரிலிருந்து எண். இரண்டாவது தேடலில் முதல் எண்ணே திரும்பக் கிடைத்தால்தான் ஒப்புக்கொள்கிறது. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் கணக்குகளுக்கு மெயில் அனுப்பும் எல்லோரிடமும் கூகுள் இதை எதிர்பார்க்கிறது.

கல்லூரி எங்கே தடுக்கி விழுந்தது என்று இப்போது பார்க்கலாம். பெயரிலிருந்து எண்ணுக்குப் போகும் பதிவு டொமைனை வாங்கியவர் கையில் இருக்கிறது. அதை அவர்கள் மாற்றிவிட்டார்கள். எண்ணிலிருந்து பெயருக்குப் போகும் பதிவு அவர்கள் கையில் இல்லை. ஆசிய-பசிபிக் பகுதிக்கு ஐ.பி. முகவரிகளைப் பங்கிடும் ஏப்னிக்கிலிருந்து தொகுதி தொகுதியாக இறங்கி, கடைசியில் லைன் கொடுத்த நிறுவனத்திடம் அந்த அதிகாரம் வந்து நிற்கிறது. கடையை வாடகைக்கு எடுத்தவர் பெயர்ப்பலகையை இஷ்டப்படி மாட்டலாம், ஆனால் பட்டாவில் கைவைக்க முடியாது, இங்கும் அப்படித்தான். டொமைன் பேனலில் மணிக்கணக்கில் பி.டி.ஆர். பதிவைத் தேடுவதும், அங்கே ஒன்றை உருவாக்கிவிட்டு 'போட்டாச்சு' என்று காத்திருப்பதும் வீண்.

சரிசெய்ய ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் மறுப்பு எண்ணின் முதல் இலக்கத்தைப் பாருங்கள். 5 என்றால் முடிந்த மறுப்பு. மெயில் உடனே திரும்பும். 4 என்றால் 'பிறகு வா' என்று பொருள். பரவலாகப் புழங்கும் போஸ்ட்ஃபிக்ஸ் சர்வர், பெயரில்லாத ஐ.பி.யை மறுக்கும்படி அமைக்கப்பட்டால் வழக்கமாக 450 என்றுதான் பதில் சொல்லும். அப்போது அனுப்பும் சர்வர் மெயிலை க்யூவில் போட்டுத் திரும்பத் திரும்ப முயலும். அதுவும் போஸ்ட்ஃபிக்ஸ் என்றால் மாற்றாதவரை 5 நாள் முயன்றுவிட்டுத்தான் கைவிடும். அனுப்பியவரோ போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பார். எனவே பவுன்ஸை மட்டும் பார்க்காமல் க்யூவையும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, மெயில் எந்த ஐ.பி. வழியாக வெளியே போகிறது என்பதை உறுதி செய்யுங்கள். அது நீங்கள் நினைக்கும் எண்ணாக இல்லாமல் போகலாம். ஃபயர்வால் வேறொரு எண்ணை மாட்டி அனுப்பக்கூடும். இரண்டு லைன் இருந்தால் ஒன்று நின்றதும் மெயில் மற்றொன்றின் வழியே போகும். சர்வரில் ஐ.பி. பதிப்பு 6 இயங்க ஆரம்பித்திருந்தால், பழைய எண்ணுக்கு எல்லாம் சரியாக இருந்தும் புது எண்ணுக்குப் பெயர் இருக்காது. சில இடங்களுக்குப் போய், சில இடங்களுக்குப் போகாத குழப்பத்துக்கு இதுவும் ஒரு காரணம். மறுப்பு வரியில் இருக்கும் எண்தான் உண்மையான எண்.

மூன்றாவது, அந்த எண்ணுக்குப் பெயர் கேளுங்கள். லினக்ஸில் 'டிக்' கட்டளை, விண்டோஸில் 'என்.எஸ்.லுக்கப்'. அலுவலகத்துக்குள் இருக்கும் டி.என்.எஸ். சர்வரைக் கேட்காதீர்கள், அது உள்ளூர்ப் பதிவைக் காட்டி ஏமாற்றலாம். 8.8.8.8 போன்ற பொதுச் சர்வரைக் கேளுங்கள். அப்படி ஒன்று இல்லை என்று பதில் வந்தால் பதிவே போடப்படவில்லை. 'சர்வ்ஃபெயில்' என்று வந்தால் பொறுப்பான சர்வரிலிருந்து சரியான பதில் கிடைக்கவில்லை. லைன் கொடுத்த நிறுவனம்தான் பார்க்க வேண்டும். பெயர் வந்தால் அதை அப்படியே திருப்பித் தேடி, அதே எண் கிடைக்கிறதா என்று பாருங்கள்.

நான்காவது, லைன் அல்லது ஹோஸ்டிங் கொடுத்த நிறுவனத்துக்கு எழுதுங்கள். ஐ.பி. முகவரி, அதற்கு வேண்டிய முழுப்பெயர் இரண்டையும் குறிப்பிட்டால் போதும். பெயர் 'மெயில்.எக்ஸாம்பிள்.காம்' என்பதுபோல முழுமையாக இருக்கட்டும். அதற்கு முன்பே அந்தப் பெயர் அந்த எண்ணைக் காட்டும்படி உங்கள் டொமைனில் எழுதிவிடுங்கள். ஒரு எண்ணுக்கு ஒரு பெயர் போதும். கிளவுட் சர்வராக இருந்தால் பல நிறுவனங்கள் இதற்குப் பேனலிலேயே இடம் கொடுத்திருக்கின்றன. பதிவு மாறியபின் பழைய பதில் பல சர்வர்களின் நினைவில் சில மணி நேரம், சிலசமயம் ஒரு நாள்வரை தங்கியிருக்கும். அதற்குள் பதறி வேறொன்றை மாற்றினால் எது சரியாயிற்று என்றே தெரியாமல் போகும்.

இதில் இரண்டு தப்பெண்ணங்கள் உண்டு. சர்வரின் பெயரும் அனுப்புநர் முகவரியில் உள்ள டொமைனும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தேவையில்லை, ஒரே சர்வர் நூறு டொமைன்களுக்கு மெயில் அனுப்பலாம். அடுத்து, இணைப்பின் தொடக்கத்தில் சர்வர் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் 'ஹலோ' பெயர். அது ஐ.பி.க்குப் பொருந்தவில்லை என்பதை மட்டும் வைத்து மெயிலை மறுக்கக்கூடாது என்று 2008-ன் எஸ்.எம்.டி.பி. தர ஆவணம் சொல்கிறது. ஆனாலும் அந்த இடத்தில் 'லோக்கல்ஹோஸ்ட்' என்று விட்டுவைக்காமல் பி.டி.ஆர். பெயரையே போட்டுவிட்டால் வம்பு இல்லை.

பல வீடுகள் ஒரே ஐ.பி.யைப் பங்கிட்டுக்கொள்ளும் இணைப்பில் இதெல்லாம் நடக்காது. அங்கே மெயிலை நேரடியாக அனுப்ப முயலாமல், பெயர் உள்ள வேறொரு மெயில் சேவை வழியாக அனுப்புவதுதான் வழி.

பெயர் பொருந்திவிட்டால் மெயில் இன்பாக்ஸுக்குப் போய்விடும் என்றும் நம்பிவிட வேண்டாம். அனுப்புநரின் டொமைனைச் சரிபார்க்கும் எஸ்.பி.எஃப்., டிகேஐஎம் போன்ற சோதனைகள் அதற்குப் பிறகும் காத்திருக்கின்றன. ஆனால் இதில் தவறினால் அவற்றைத் தாண்டியும் பயன் இருக்காது. ஆகவே மெயில் சர்வருக்காக லைனோ ஹோஸ்டிங்கோ வாங்கும்போது வேகத்தையும் விலையையும் பேசி முடித்துக் கையெழுத்துப் போடுவதற்கு முன், இரண்டு கேள்விகளைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: நிலையான ஐ.பி. தருவீர்களா? அதற்கு நாங்கள் சொல்லும் பெயரை ரிவர்ஸ் டி.என்.எஸ்.ஸில் பதிவு செய்து தருவீர்களா? இரண்டுக்கும் 'ஆம்' சொல்லாத நிறுவனம் மெயில் சர்வருக்கு உதவாது.