ரேஷன் அரிசி இரும்பு உடம்பில் ஒட்டுமா?

ரேஷன் அரிசியைக் களையும்போது சில மணிகள் மட்டும் மிதப்பதைப் பார்த்து, ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று பொறுக்கி எறிந்தவர்கள் உண்டு. அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 ஆகியவற்றைக் கலந்து, அரிசி வடிவில் பிழிந்தெடுத்த மணிகள் அவை. நூறு கிலோவுக்கு ஒரு கிலோ கலக்கிறார்கள். விதிப்படி, கலந்த அரிசி ஒரு கிலோவில் 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்பு இருக்க வேண்டும். பிளாஸ்டிக் பயம் வீண். ஆனால், இந்த இரும்பில் எவ்வளவு ரத்தத்தில் சேரும் என்று யாரும் கேட்பதில்லை.

நூறு கிராம் அரிசியில் அதிகபட்சம் சுமார் நான்கு மில்லிகிராம். அதில் ஐந்து சதவீதம் ஏறுவதாக வைத்துக்கொண்டாலும் 0.2 மில்லிகிராம்தான். மாதவிலக்கு வரும் பெண்ணுக்கு நாளொன்றுக்குச் சுமார் ஒன்றரை மில்லிகிராம் உள்ளே போயாக வேண்டும். ஆக, அந்தச் சதவீதத்தை முன்கூட்டியே கணிப்பதில்தான் விஷயமே இருக்கிறது.

சிக்கல் ஆலையிலேயே தொடங்குகிறது. நன்றாகக் கரையும் ஃபெரஸ் சல்பேட் என்ற இரும்பு உப்பைச் சேர்த்தால் அரிசி நிறம் மாறிவிடும். யாரும் வாங்க மாட்டார்கள். அதனால் வெண்மையான ஃபெரிக் பைரோபாஸ்பேட்டைச் சேர்க்கிறார்கள். அது கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. வயிற்றிலும் சரியாகக் கரையாது. பிழியும்போதே சிட்ரிக் அமிலமும் அதன் உப்பும் சேர்த்தால் நிலைமை கொஞ்சம் தேறுகிறது. அதே மணியிலுள்ள ஃபோலிக் அமிலத்துக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை, சுலபமாக ஏறிவிடும்.

கணிக்க முதல் வழி, சோதனைக்கூடத்தில் ஒரு செயற்கை வயிறு. சோற்றோடு பெப்சினைச் சேர்த்து அமிலத்தில் இரண்டு மணி நேரம், பிறகு பித்தநீர், கணைய நொதிகளோடு இன்னும் இரண்டு மணி நேரம் வைத்து, கரைந்த இரும்பை அளப்பார்கள். ஆனால், கரைந்ததெல்லாம் குடல் சுவரைத் தாண்டுமா? அதற்காகக் காக்கோ-2 என்ற செல்களை வளர்க்கிறார்கள். பெருங்குடல் புற்றுநோயிலிருந்து எடுத்த செல்கள் சிறுகுடல் செல்களைப் போல நடந்துகொள்வது ஒரு விநோதம். இரும்பு உள்ளே போனால் அவை ஃபெரிட்டின் என்ற புரதத்தை உண்டாக்கும். அதை அளந்தால் போதும். வைட்டமின் சி ஏற்றிவிடும், தவிட்டின் பைட்டேட்டும் தேநீரும் இறக்கிவிடும் என்ற திசையை இந்தச் செல்கள் சரியாகவே காட்டுகின்றன. அளவில்தான் தடுமாறுகின்றன.

நம்பகமான அளவு மனிதரிடம்தான் கிடைக்கும். கதிரியக்கமற்ற இரும்பு-57 அல்லது இரும்பு-58 ஐசோடோப்பை உணவில் கலந்து கொடுத்து, இரண்டு வாரம் கழித்து ரத்த சிவப்பணுக்களில் அது எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். செலவு அதிகம், சிலரிடம்தான் செய்ய முடியும்.

அப்போதும் ஒரே சோறு ஆளுக்கு ஆள் வேறு விடை தருகிறது. உடலில் இரும்பு போதுமான அளவு இருந்தால் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து குடல் வாசலை அடைத்துவிடும். கிருமித்தொற்று வந்தாலும் அதே கதைதான். அடிக்கடி காய்ச்சலில் விழும் ரத்தசோகைக் குழந்தைக்கு, தேவை இருந்தும் வாசல் திறப்பதில்லை. எந்தச் செயற்கை வயிற்றுக்கும் காய்ச்சல் வராது!

ஆலையில் மில்லிகிராமைச் சரிபார்ப்பது அவசியம்தான். அதை வைத்தே இந்த அரிசித் திட்டம் வென்றது என்று சொல்வது அவசரம். சாப்பிடுகிறவர்களின் ரத்தத்தில் ஃபெரிட்டினைப் பார்க்க வேண்டும். தொற்று இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து நிற்கும் என்பதால், அழற்சியைக் காட்டும் சி-ரியாக்டிவ் புரதத்தையும் கூடவே அளக்க வேண்டும்.